கலைப் பட்டம் முடிவதற்குள் வெளிநாட்டில் படிக்க முடியுமா? சேலத்திலிருந்து ஒரு கேள்வி

நாகலூர் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். பட்டம் முடிவதற்குள் ஏதாவதொரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சில மாதங்களாவது படித்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொறியியல் படிக்கும் தோழிகளுக்கு இத்தகைய வாய்ப்புகள் வருகின்றன. வரலாறு படிக்கிறவளை யார் கூப்பிடுவார்கள் என்றுதான் என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள்.

போன மாதம் சேலத்தில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்தில் விசாரித்தேன். இரண்டு வாரம் ஒரு வெளிநாட்டு நகரத்தில் தங்கி ‘சர்வதேச இன்டர்ன்ஷிப்’ சான்றிதழ் வாங்கி வரலாம் என்றும், ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும், முன்பணத்தை உடனே கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். எந்தப் பல்கலைக்கழகம், யார் பாடம் நடத்துவார்கள் என்று கேட்டேன். நேரான பதில் கிடைக்கவில்லை. அப்பா கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அழகாபுரம் ஆசிரியர் எழுதியது:

அன்பு மாணவிக்கு, முன்பணம் கட்ட வேண்டாம்; அப்பாவைக் கடன் வாங்கவும் விட வேண்டாம். வெளிநாட்டுப் படிப்பு என்று யார் சொன்னாலும், சேர்க்கைக் கடிதம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வருமா, அங்கே எழுதும் தாளுக்கு எத்தனை கிரெடிட் (பட்டத்துக்காகச் சேரும் பாடப் புள்ளி), அந்த கிரெடிட்டை நம் பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலில் ஏற்றிக்கொள்ளுமா என்று கேளுங்கள். இதற்கு எழுத்தில் பதில் தர மறுப்பவர் விற்பது படிப்பு அல்ல, பயணச்சீட்டு.

நான் சேலத்திலும் தருமபுரியிலும் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். சட்டப்படி என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ஓர் ஒழுங்குமுறை வெளியிட்டது. அதன்படி ஓர் இந்தியக் கல்வி நிறுவனமும் ஒரு வெளிநாட்டுக் கல்வி நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மாணவர் பட்டத்தின் ஒரு பகுதியை அங்கே போய்ப் படிக்க ஏற்பாடு செய்யலாம். ‘ட்வின்னிங்’ எனப்படும் முறையில் பட்டத்தை இந்திய நிறுவனமே தரும். வெளிநாட்டில் பெறும் கிரெடிட் மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்று வேறு இரண்டு முறைகளும் உண்டு. நம் பக்கத்து நிறுவனம் நாக் எனப்படும், கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் தேசியக் குழுவின் மதிப்பீட்டில் 3.01க்குக் குறையாமல் பெற்றிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற தகுதிகளும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. எனவே நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு உங்கள் கல்லூரி முதல்வர் அலுவலகமும், அதன் வழியே பெரியார் பல்கலைக்கழகமும்தான். கையெழுத்தான ஒப்பந்தம் எதுவும் நடப்பில் இருக்கிறதா, உங்கள் துறை அதில் அடங்குமா என்று மனு எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். மனுவுக்கு ஒரு கோப்பு எண் வரும்.

ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் போய்விடும். திரும்பி வந்தவுடன் அத்தனை தாளும் அரியராக நிற்கும். ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் பலர் வெளிநாட்டு ஆசையைக் கைவிடுவதற்குப் பணத்தைவிட இந்த அரியர் பயம்தான் காரணம் என்பது என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை தகப்பன் எழுதியது:

எனக்குக் கொலுசுப் பட்டறை. மகள் ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறாள். அவளும் இதே பேச்சைத்தான் பேசுகிறாள். ஐயா சொன்ன விதிகள் புரிந்தன. ஆனால் செலவு என்று பார்த்தால் என்ன ஆகும் என்பதை யாராவது மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளி விலை ஏறினால் பட்டறையில் வேலை குறைகிறது. என்னால் இலட்சக்கணக்கில் புரட்ட முடியாது. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தெரியாத ஊரில் ஆறு மாதம் விடுவதென்றால் பெற்றவர்களுக்குத் தூக்கம் வருமா? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளைத் தடுப்பதற்காகக் கேட்கவில்லை. அனுப்புவதென்றால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன்.

அஸ்தம்பட்டி வாசகி எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சேலத்தில் பள்ளி முடித்துச் சென்னையில் ஒரு கல்லூரியில் இளங்கலை படித்தபோது, அந்தக் கல்லூரிக்கு இருந்த ஒப்பந்தத்தின் வழியே ஒரு பருவம் ஜெர்மனியில் படித்தேன். இப்போது மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன்.

முதலில் செலவைச் சொல்கிறேன். இதுபோன்ற பரிமாற்றத் திட்டங்களில் மாணவர் தம் சொந்தக் கல்லூரிக்குக் கட்டும் கட்டணத்தோடு சரி. அங்கே தனியாகக் கல்விக் கட்டணம் இருக்காது. தங்குமிடம், சாப்பாடு, விமானம், மருத்துவக் காப்பீடு ஆகியவைதான் பெருஞ்செலவு. ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்பவர்கள், உதவித்தொகை இல்லையென்றால், அங்கே பிழைத்துக்கொள்ளப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். இப்போது அது மாதம் 992 யூரோ, ஓராண்டுக்கு 11,904 யூரோ என்று கணக்கு. முடக்கப்பட்ட கணக்கில் போட்டுவைத்து மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கிற பணம் அது. நம் போன்ற குடும்பங்களுக்கு அது எட்டாத தொகை. ஆகவே உதவித்தொகை உறுதியான பிறகுதான் விசாவைப் பற்றி யோசிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கல்லூரிகளின் மாணவர்களும் 2 முதல் 12 மாதம் வரை படித்துவர இடம் உண்டு. மாத உதவித்தொகையும் பயணப்படியும் தருகிறார்கள். ஆனால் மாணவர் நேராக விண்ணப்பிக்க முடியாது. நம் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். மீண்டும் ஐயா சொன்ன அதே கதவுதான்.

இனி, அங்கே போனால் என்னதான் கிடைக்கும் என்பது. எங்கள் வகுப்பை ஒருநாள் ஹாலே நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஃபிராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தில், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு காலத்திலிருந்து இங்கிருந்து போன கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. மெத்தை வைத்த தாங்கியில் ஒரு சுவடியை வைத்து, ஆளுக்கு ஒரு வரி படிக்கச் சொன்னார் ஆசிரியை. ஓலையில் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. ஜெர்மானிய மாணவர்கள் இலக்கண நூலை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்தார்கள். நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது சொல் தானாக வந்து நின்றது. என் ஆங்கிலம் அவர்களுடையதைவிடத் தடுமாறியது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் அன்று முழுக்க என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இயல்பாக வந்த அறிவுக்கு ஒரு கல்விப்புலத்தில் என்ன மதிப்பு என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக விடுதியில் இடம் உறுதியாகாமல் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்று எல்லாப் பெரிய பல்கலைக்கழகத்திலும் இருக்கும். புறப்படும் முன்பே அந்த அலுவலகத்தோடு மகளை மின்னஞ்சலில் பேச வையுங்கள். அவர்கள் எவ்வளவு விரைவாக, எவ்வளவு தெளிவாகப் பதில் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்தே நீங்கள் முடிவுக்கு வரலாம்.

தாரமங்கலம் நூலகன் எழுதியது:

வாசகி அம்மாவின் அனுபவம் அருமையானது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் உள்ள கல்லூரியில் படிப்பவர்களுக்குத்தான் அந்த வழி. நாகலூர்த் தங்கைக்கு இன்னும் மூன்று பருவம்தான் இருக்கிறது. கல்லூரி மனு அனுப்பி, பல்கலைக்கழகம் பரிசீலித்து, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் அவர் பட்டமே வாங்கிவிடுவார். அதுவரை சும்மா இருப்பதா?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்பேன். உலகம் முழுவதிலுமிருந்து தமிழையும் தென்னிந்திய வரலாற்றையும் படிக்க மாணவர்கள் வரும் இடங்கள் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் மையம் செவ்வியல் தமிழுக்குக் கோடைக்கால வகுப்பு நடத்தி வந்திருக்கிறது; ஐரோப்பியர், அமெரிக்கர், நம்மவர் எல்லாரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரு பாடலை வரிவரியாகப் படிப்பார்கள். மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் மையத்தில் அமெரிக்க மாணவர்கள் தங்கித் தமிழ் படிக்கிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1994இல் உருவானது. அங்கே எந்த நாட்டு ஆய்வாளர் எந்த மாதத்தில் வந்து எதைத் தேடிக்கொண்டிருப்பார் என்று சொல்ல முடியாது. சேலத்திலிருந்து இரவுப் பேருந்து ஏறினால் காலையில் இந்த ஊர்களில் எதிலும் இறங்கிவிடலாம். மே மாத விடுமுறையில் இப்படியோர் இடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தால் வருகைப்பதிவும் கெடாது, கடனும் வராது.

அஸ்தம்பட்டி வாசகி எழுதியது:

நூலகர் ஐயா சொல்லும் இடங்கள் அத்தனையும் உயர்ந்தவை. தங்கை அவற்றுக்குப் போகவே வேண்டும். ஆனால் அதோடு போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். புதுச்சேரியில் வந்து படிக்கும் பிரெஞ்சு மாணவிக்கு அது வெளிநாடு. நமக்கு அது நம் மாநிலத்தை அடுத்த ஊர். அங்கே தடுமாறுவது அவள். உதவி செய்வது நாம். மொழி தெரியாத கடையில் நின்று, தன் நாட்டைப் பற்றி யாரோ கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் திகைத்து, ‘இந்தியாவில் எல்லாரும் இப்படித்தானா’ என்று கேட்பவரிடம் ‘இல்லை, சேலத்தில் இப்படி’ என்று விளக்கிச் சொல்லி வளரும் ஒரு நிதானம் இருக்கிறது. அதைப் பேருந்துப் பயணத்தில் பெற முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைத்துக்கொண்டே இருக்கும்போது, அரசுக் கல்லூரிப் பிள்ளைகளிடம் மட்டும் உள்ளூரே போதும் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தாரமங்கலம் நூலகன் எழுதியது:

போதும் என்று நான் சொல்லவில்லை, அம்மா. முதலில் இங்கே தொடங்கலாம் என்கிறேன். இந்த நிறுவனங்களில் ஒன்றில் ஒரு மாதம் ஒழுங்காக வேலை செய்து, ஒரு வெளிநாட்டு ஆய்வாளரிடம் ‘இந்தப் பெண்ணுக்கு ஆவணம் படிக்கத் தெரியும்’ என்று ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிவிட்டால், பிறகு விண்ணப்பம் எழுதும்போது அது நின்று பேசும். வெறும் மதிப்பெண் பட்டியலோடு அனுப்பும் விண்ணப்பத்துக்கு அந்த வலு இல்லை.

நாகலூர் மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆலோசனை நிறுவனத்துக்கு இனிப் போகப் போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கல்லூரியில் மனு கொடுத்துவிட்டேன். முதல்வர் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். விண்ணப்பங்களில் ‘உங்கள் ஆர்வம் எது’ என்று கேட்கிறார்கள். என் வகுப்பில் எல்லோரும் சிந்துவெளி, பிரெஞ்சுப் புரட்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு உண்மையில் ஆர்வம் எங்கள் மலையின் காபித் தோட்டங்களில்தான். என் பாட்டியும் அவருடைய அம்மாவும் தோட்டத்தில் பழம் பறித்தவர்கள். பறிப்புக் காலத்தில் கங்காணி, அதாவது ஆள் திரட்டி வேலை வாங்கும் மேற்பார்வையாளர், பெயர் கூப்பிடும் முறை, கூடை அளந்து கூலி போடும் முறை எல்லாம் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் மதிப்பார்களா?

அழகாபுரம் ஆசிரியர் எழுதியது:

மதிப்பார்கள். இத்தனை நாள் இந்த இழையில் பேசியவற்றில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது உங்கள் இந்தக் கேள்விதான். வெளிநாட்டு அனுபவம் என்பதை எந்த நாடு என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறவர்கள் ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலில்தான் போய் நிற்பார்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினால், எந்த நாடு என்பது தானே தெரியவரும். உங்கள் பொருளை வைத்தே காட்டுகிறேன்.

சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன். அதற்குப் பின் எழுந்த தோட்டங்களின் கதை சேலத்தோடு முடிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காபித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1869இல் இலங்கையில் காபி இலைத்துரு நோய் தென்பட்டு, அடுத்த ஆண்டுகளில் அங்கே காபியே அழிந்து தேயிலை வந்தது. பிறகு மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் கங்காணிகள் நம் ஊர்களிலிருந்து ஆள் கொண்டுபோனார்கள். உங்கள் பாட்டி சொல்லும் பெயர் கூப்பிடும் முறைக்கும், கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த முறைக்கும் என்ன ஒற்றுமை, என்ன வேறுபாடு என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அதைக் கேட்கப் பொருத்தமான இடம் ஐரோப்பாவை விட, இலங்கை மலையகத்தின் நடுவே இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம். அல்லது 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம். தமிழறிஞர் தனிநாயக அடிகள் பணியாற்றிய துறை அது. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியதற்கு அவர் உழைப்பு பெருங்காரணம். இரண்டு இடங்களிலும் தமிழில் பேசிக் களப்பணி செய்யலாம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. செவ்வாய்ப்பேட்டை நண்பரின் கவலைக்கும் இதில் ஓரளவு பதில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களிலும் உங்கள் மலை இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் மாவட்டப் பதிவுகளைப் பாருங்கள். இங்கே இருப்பதைப் பார்க்காமல் அங்கே போய்க் கேட்டால், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கொண்டலாம்பட்டி வரலாற்று மாணவன் எழுதியது:

நானும் வரலாறுதான், முதுகலை. இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு விவரத்தைத் தங்கைக்குச் சொல்ல வேண்டும். பெரிய உதவித்தொகைகளில் பெரும்பாலானவை இளங்கலை முடித்த பிறகு கிடைப்பவை. பிரித்தானிய அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைக்கு இளங்கலை இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

கவனிக்க வேண்டிய ஒன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை விதிகளில் 2022இல் ஒரு மாற்றம் வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூகவியல் ஆய்வு ஆகியவற்றை வெளிநாட்டில் படிக்க அந்த உதவித்தொகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நம் போன்ற கலைத்துறை மாணவர்களை நேராகத் தாக்கிய விதி அது. விளிம்பிலிருந்து வரும் ஒரு மாணவர் தன் மக்களின் வரலாற்றை எந்த நாட்டில், எந்த ஆசிரியரிடம் படிக்க விரும்புகிறார் என்பதை அரசு தீர்மானிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த உதவித்தொகையை நம்பி இறங்குகிறவர்கள் அவ்வப்போது வெளியாகும் வழிகாட்டு நெறிமுறையை முழுதாகப் படித்துவிட்டே தலைப்பை முடிவு செய்யுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை தகப்பன் எழுதியது:

அப்படியானால் இளங்கலையிலேயே அவசரப்பட வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அஸ்தம்பட்டி வாசகி எழுதியது:

பெரும்பணம் தேவைப்படுகிற பயணத்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை, அண்ணா. ஆயத்தத்தை மட்டும் இப்போதே தொடங்க வேண்டும். இறுதியாண்டில் விண்ணப்பம் போடுகிறவருக்குப் பரிந்துரைக் கடிதம், ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை, இன்னொரு மொழியில் ஏதாவதொரு நிலைச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். அவை ஒரே இரவில் வருவதில்லை. காலக்கணக்கும் முக்கியம். ஐரோப்பாவில் கோடைக்கால வகுப்புகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். நம் கல்லூரிகள் ஜூனிலேயே திறந்துவிடும். இரண்டாமாண்டில் அப்படிப் போக விரும்பினால் துறைத்தலைவரிடம் வருகைப்பதிவுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இளங்கலை முடித்த உடனே வரும் ஜூலைக்கு அந்தத் தொல்லை இல்லை.

மகளுக்கு முதலில் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். சேலம் அஞ்சலகத்திலேயே மையம் இருக்கிறது. சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போங்கள். அது இருந்தால் குடிபெயர்வு அனுமதி (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அரசிடம் வாங்க வேண்டியது) தேவையில்லாத வகையில் பாஸ்போர்ட் தருவார்கள். எல்லாச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். நம் ஊரில் பாதிப்பேர் சிக்குவது அங்கேதான்.

நாகலூர் மாணவி எழுதியது:

புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாயைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதிலேயே பாஸ்போர்ட்டுக்குக் கட்டிவிடுகிறேன். மே மாதத்துக்குச் சென்னை நூலகத்துக்கும் புதுச்சேரிக்கும் எழுதப் போகிறேன். பாட்டியிடமும் அவர் வயதொத்த மூன்று நான்கு பேரிடமும் பேசிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன். நேற்று ஒரு பாட்டி, பறித்த பழத்தில் காய் கலந்திருந்தால் கூடையை மேசையில் கொட்டிப் பொறுக்கச் சொல்வார்கள், பொறுக்கி முடிக்கும் வரை அந்த நாளின் கூலி ஏடு திறக்காது என்றார். இதை எப்படி எழுதி அனுப்புவது? வெளிநாட்டுப் பேராசிரியருக்கு முதல் கடிதம் எழுதும்போது என்ன முறை?

அழகாபுரம் ஆசிரியர் எழுதியது:

அந்தக் கூலி ஏட்டைப் பற்றிய செய்தியையே இரண்டாம் பத்தியில் எழுதுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள் என்று மூன்று வரி போதும். மூன்றாம் பத்தியில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். உதவித்தொகையைப் பற்றி முதல் கடிதத்தில் பேச வேண்டாம். யாரிடம் பேசினீர்களோ அவர்களிடம் பெயரைப் பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்றால் பெயரில்லாமல் ஊரை மட்டும் குறிப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அனுப்பும் முன்பு இங்கே போடுங்கள். வாசகி அம்மா ஆங்கிலத்தைப் பார்த்துத் தருவார், நான் வரலாற்றுச் செய்திகளைச் சரிபார்க்கிறேன்.

அஸ்தம்பட்டி வாசகி எழுதியது:

நிச்சயம் பார்த்துத் தருகிறேன். முதலில் தமிழில் எழுதுங்கள், தங்கையே. பேராதனைக்கு அனுப்புவதென்றால் தமிழிலேயே அனுப்பலாம். மற்ற இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆக்கிவிடுவோம்.